பி.பார்ம் சான்றிதழ்களைக் கனடாவுக்கு அனுப்புவது எப்படி

வெளிநாட்டில் ஃபார்மசிஸ்ட் ஆக நினைக்கும் கல்லூரி ஜூனியர்கள் வாட்ஸ்அப்பில் முதலில் கேட்பது, "அக்கா, அமெரிக்காவா, கனடாவா?" என்பதுதான். மதுரையில் பி.பார்ம் என்ற ஃபார்மசி இளநிலைப் பட்டம் முடித்து, இப்போது கனடாவில் ஸ்கார்பரோவில் ஒரு மருந்தகத்தில் ஃபார்மசிஸ்டாக இருக்கிறேன். என்ன படித்தீர்கள் என்பதுதான் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்.

அமெரிக்காவில் வெளிநாட்டு ஃபார்மசி பட்டங்களைப் பரிசீலிப்பது என்.ஏ.பி.பி. என்ற அமைப்பு. 2003 ஜனவரி 1 முதல் பட்டம் வாங்கியவர்கள் குறைந்தது ஐந்தாண்டு ஃபார்மசி படித்திருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. நம் பி.பார்ம் நான்கு வருடம். முதுநிலைப் பட்டமான எம்.பார்மையும் சேர்த்துக் கணக்குக் காட்ட முடியாது, முதல் பட்டத்தைத்தான் பார்க்கிறார்கள். ஆறு வருட ஃபார்ம்.டி. படித்தவர்கள் அந்தப் பக்கம் முயலலாம். கனடாவில் இந்த வேலையைச் செய்வது பி.ஈ.பி.சி. என்ற தேர்வு வாரியம். டொராண்டோவில் இருக்கிறது. நான்கு வருட பி.பார்மை ஏற்றுக்கொள்கிறார்கள். டி.பார்ம் என்ற டிப்ளமோ மட்டும் படித்திருந்தால் ஃபார்மசிஸ்ட் ஆகும் பாதையில் நுழைய முடியாது.

பி.ஆர்., அதாவது நிரந்தரக் குடியுரிமை விண்ணப்பத்தையும் மனத்தில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மற்ற துறை நண்பர்கள் எல்லாரும் வெஸ் என்ற நிறுவனத்தில் பட்ட மதிப்பீடு வாங்கியிருப்பார்கள். நீங்களும் அதையே செய்யப் போகாதீர்கள். லைசென்ஸ் எடுத்து ஃபார்மசிஸ்டாக வேலை பார்க்க நினைப்பவர்களுக்குக் குடிவரவுத் துறை கேட்பது பி.ஈ.பி.சி. தரும் மதிப்பீட்டைத்தான். அது ஐந்து வருடம் செல்லும்.

வேலையைத் தொடங்கும் இடம், ஃபார்மசிஸ்ட்ஸ் கேட்வே கனடா என்ற இணையதளம். அங்கே கணக்குத் திறந்தால் ஒரு தேசிய அடையாள எண் தருவார்கள். அந்த எண் இல்லாமல் பி.ஈ.பி.சி.யில் விண்ணப்பிக்க முடியாது. ஆனால் கணக்குத் திறப்பதற்கு முன்னால் பாஸ்போர்ட்டையும் பட்டச் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஏனென்றால் நம் ஊர்க்காரர்களுக்குப் பெரிய தலைவலி பெயர்தான். மார்க் ஷீட்டில் பெயருக்கு முன்னால் ஒரு இனிஷியல் இருக்கும். பாஸ்போர்ட்டில் அதே இனிஷியல் அப்பாவின் முழுப் பெயராக விரிந்து குடும்பப் பெயர் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். சிலருக்கு அந்தக் கட்டமே காலி. கல்யாணத்துக்குப் பிறகு பாஸ்போர்ட் எடுத்த பெண்களுக்குக் கணவர் பெயர் வந்திருக்கும். நமக்கு இதெல்லாம் ஒரே ஆள் என்று பார்த்தவுடன் புரியும். டொராண்டோவில் கோப்பைத் திறப்பவருக்கு அது மூன்று ஆள். அதனால் எல்லா விண்ணப்பத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள். மற்ற ஆவணங்களில் பெயர் எப்படியெல்லாம் வந்திருக்கிறதோ, அத்தனை வடிவத்தையும் குறிப்பிட்டு, இவை எல்லாம் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன்னிலையில் ஒரு அஃபிடவிட் எடுத்து வையுங்கள். பெயர் மாறியவர்கள் திருமணச் சான்றிதழையோ அரசிதழ் நகலையோ சேர்க்க வேண்டும். பின்னால் தேர்வு எழுதப் போகும்போது அடையாள அட்டையையும் இதே பெயரோடுதான் ஒப்பிடுவார்கள்.

அடுத்தது டிரான்ஸ்கிரிப்ட். எனக்குத் தெரிந்து பெரும்பாலான கோப்புகள் தேங்கி நிற்பது இங்கேதான். மார்க் ஷீட்டுகளை நகலெடுத்து நீங்களே அனுப்பினால் அது டிரான்ஸ்கிரிப்ட் ஆகாது. எந்த ஆண்டு என்ன பாடம், எத்தனை மதிப்பெண் என்பதைப் பல்கலைக்கழகமே தன் தாளில் எழுதி, முத்திரையிட்டு, நேரடியாக பி.ஈ.பி.சி.க்கு அனுப்ப வேண்டும். தமிழ்நாட்டு ஃபார்மசி கல்லூரிகளில் பெரும்பாலானவை கிண்டியில் உள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை என்பதால், முடிவில் கிண்டிக்குத்தான் போயாக வேண்டும். அதற்கு முன் கல்லூரி முதல்வர் அலுவலகத்தில் பேசி, மார்க் ஷீட் நகல்கள், விண்ணப்பம், கையெழுத்து எல்லாவற்றையும் ஒழுங்கு செய்துகொள்ளுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் அம்மா அப்பாவுக்கோ நண்பருக்கோ அதிகாரக் கடிதம் கொடுத்து அனுப்பலாம்.

சீல் வைத்த உறை வீட்டுக்கு வந்துவிட்டால் அதைப் பிரிக்கவே கூடாது. ஒரு தம்பியின் வீட்டில் உள்ளே சரியாக இருக்கிறதா பார்ப்போம் என்று பாசத்தோடு பிரித்துவிட்டார்கள். மறுபடி முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டியதாயிற்று. உறை மேல் உங்கள் பெயரும் விண்ணப்ப எண்ணும் எழுதச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். டி.பார்ம் முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்களின் டிரான்ஸ்கிரிப்டில் முதல் ஆண்டு இருக்காது. அந்த இடைவெளியை விளக்க டி.பார்ம் மதிப்பெண்களும் தேவைப்படும்.

தமிழ்நாடு ஃபார்மசி கவுன்சிலில் பதிவு செய்தவர்களுக்கு அங்கிருந்தும் ஒரு கடிதம் வேண்டும். பதிவு நடப்பில் இருக்கிறது, நடவடிக்கை எதுவும் இல்லை என்று அவர்கள் நேரடியாகத் தெரிவிப்பது அது. பதிவு காலாவதியாகி இருந்தால் முதலில் புதுப்பியுங்கள்.

நீங்களே அனுப்ப வேண்டியவை பட்டச் சான்றிதழின் நகல், அடையாள ஆவணத்தின் நகல், புகைப்படம். அசலை ஒருநாளும் தபாலில் போடாதீர்கள். நகலில் நோட்டரி பப்ளிக் முத்திரை இருக்கட்டும், கெசட்டட் ஆபீசரின் பச்சை மைக் கையெழுத்து அங்கே உதவாது. புரொவிஷனல் சான்றிதழோடு காலம் ஓட்டுபவர்கள் பட்டமளிப்புச் சான்றிதழுக்கு இன்றைக்கே விண்ணப்பியுங்கள், அதற்கும் காத்திருக்க வேண்டும். கட்டணமும் படிவமும் மாறிக்கொண்டே இருப்பதால் பணம் கட்டும் நாளில் பி.ஈ.பி.சி. தளத்தில் உள்ளதையே நம்புங்கள், என் பேச்சையும் சேர்த்து வேறு எதையும் அல்ல.

சரி, மதிப்பீடு முடிந்து கடிதம் வந்துவிட்டது. அது லைசென்ஸ் இல்லை, பி.ஈ.பி.சி.யின் முதல் தேர்வான எவாலுவேட்டிங் தேர்வை எழுதலாம் என்கிற அனுமதி. அதற்கு மொத்தம் நான்கு வாய்ப்புதான். அப்புறம் இரண்டு பகுதியாகக் குவாலிஃபையிங் தேர்வு, பிறகு லைசென்ஸ் தரும் மாகாண அமைப்பின் நிபந்தனைகள். கியூபெக் மட்டும் தனி வழி, அங்கே போக நினைப்பவர்கள் அந்த மாகாண அமைப்பிடமே கேட்க வேண்டும். எவாலுவேட்டிங் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் தேர்வுக்கு வெகு முன்னாலேயே முடிந்துவிடும். ஆகவே அடுத்த தேர்வுத் தேதியைத் தளத்தில் பார்த்து, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுக் கிண்டிக்குக் கிளம்புங்கள்.