தலைக்கு மேல் வேலை இருக்கும்போது: விசுவாசிக்கு ஒரு செய்முறை

வேலைச் சுமையில் திணறும் விசுவாசிக்கு இன்னொரு பாரமும் உண்டு, குற்ற உணர்வு. "முடியாது என்று சொன்னால் கர்த்தருடைய வேலையைத் தட்டிக் கழிப்பதாகாதா? களைப்பாக இருக்கிறது என்றால் என் விசுவாசம் குறைந்துவிட்டதா?" இந்தக் கேள்விகளாலேயே அலுவலகம், வீடு, சபைப் பொறுப்பு என்று எல்லாவற்றையும் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். வேதாகமத்தில் இதே நிலையில் இருந்தவர்களிடம் தேவன் எப்படி நடந்துகொண்டார் என்று பார்த்தால், தொடங்கவேண்டிய இடம் தெரியும்.

படி 1: முதலில் சாப்பிடுங்கள், தூங்குங்கள்

தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சாகும்படி கோரினார். தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டவரை இரண்டாம் தரம் எழுப்பி, "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்று சொல்லி, திரும்பவும் சாப்பிடச் சொன்னான் (1 இராஜாக்கள் 19). ஓரேப் மலையில் தேவன் அவரோடு பேசியதும் புதிய வேலை கொடுத்ததும் அதற்கு அப்புறம்தான்.

ஆகவே நள்ளிரவில், கண் எரியும்போது திட்டம் போடாதீர்கள். இன்றிரவு தூங்கிவிட்டு நாளைக் காலையில் அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 2: எல்லாவற்றையும் எழுதி, விரித்து வையுங்கள்

அசீரியரின் மிரட்டல் கடிதம் கையில் கிடைத்தபோது எசேக்கியா ராஜா அதை ஆலயத்துக்கு எடுத்துப் போய், கர்த்தருக்கு முன்பாக விரித்துவைத்து ஜெபித்தார் (2 இராஜாக்கள் 19:14). நாமும் அப்படியே செய்யலாம். ஒரு தாளில் 20 நிமிடம், மனதை அரிக்கும் எல்லாவற்றையும் எழுதுங்கள். பதில் போடாத மின்னஞ்சல், கட்டாத கட்டணம், ஒத்துக்கொண்ட ஞாயிறு பள்ளி வகுப்பு, அம்மாவை அழைத்துப் போகவேண்டிய மருத்துவச் சோதனை. வரிசைப்படுத்த வேண்டாம்.

பிறகு அந்தத் தாளை முன்னால் வைத்து ஜெபியுங்கள். நீளமாக வேண்டியதில்லை. "ஆண்டவரே, இவ்வளவும் இருக்கிறது. இதில் இன்றைக்குரியது எது?" என்று கேட்டாலே போதும்.

படி 3: இன்றைய மன்னாவை மட்டும் எடுங்கள்

வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குத் தேவன் கொடுத்த உணவு மன்னா. ஆளுக்கு ஒரு ஓமர் (அக்கால அளவை) மட்டும், அதுவும் அன்றைக்கு மட்டும். மறுநாளுக்கென்று வைத்தது பூச்சி பிடித்து நாறியது (யாத்திராகமம் 16). தாளிலிருந்து மூன்று வேலைகளை மட்டும் இன்றைக்கு எடுங்கள். எடுப்பதற்கு என் வழி இதுதான்: இன்று செய்யாவிட்டால் வேறொருவர் பாதிக்கப்படுவார் என்றால் அது முதலில். மீதிக்குப் பக்கத்தில் ஒரு கிழமையைக் குறித்துவிடுங்கள். குறித்தபின் அது அந்த நாளின் பாடு.

படி 4: பிரித்துக் கொடுங்கள்

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இஸ்ரவேலரை வழிநடத்திய மோசே காலை முதல் சாயங்காலம் வரை தனியாக உட்கார்ந்து ஜனங்களின் வழக்குகளை விசாரித்தார். மாமனார் எத்திரோ பார்த்துவிட்டு, "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்றார் (யாத்திராகமம் 18). மோசே மட்டுமல்ல, அவரோடிருக்கும் ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்றும் சொன்னார். நாம் இதை யோசிப்பதே இல்லை. எல்லாவற்றையும் நானே செய்கிறேன் என்னும்போது, எனக்காகக் காத்து நிற்பவர்களும் களைத்துப்போகிறார்கள்.

எத்திரோ சொன்ன ஒழுங்கைக் கவனியுங்கள். முதலில் ஜனங்களுக்கு வழியையும் செய்கையையும் கற்றுக்கொடு. அடுத்து, உண்மையுள்ளவர்களைத் தெரிந்தெடு. அப்புறம் ஆயிரம், நூறு, ஐம்பது, பத்து பேருக்கு என்று பொறுப்பைக் கொடு. பெரிய காரியம் மட்டும் உன்னிடம் வரட்டும்.

நாம் கற்றுக்கொடுப்பதை விட்டுவிட்டு வேலையை மட்டும் கொடுக்கிறோம். அது சரியாக நடக்காதபோது, "நானே செய்திருக்கலாம்" என்று திரும்ப வாங்கிக்கொள்கிறோம். இந்த வாரம் ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். ஒருமுறை அவர் பார்க்க நீங்கள் செய்யுங்கள். அடுத்த முறை நீங்கள் பார்க்க அவர் செய்யட்டும். மூன்றாம் முறை அந்தப் பக்கம் போகாதீர்கள். உங்கள் அளவுக்கு நேர்த்தியாக இருக்காது. இருக்கட்டும், விடுங்கள்.

படி 5: ஒரு வரியில் மறுப்பு

எருசலேமின் அலங்கத்தை, அதாவது நகர மதிலை, கட்டிக்கொண்டிருந்த நெகேமியாவை எதிரிகள் நான்கு தரம் கூப்பிட்டார்கள். நான்கு தரமும் ஒரே பதில்: "நான் பெரிய வேலையைச் செய்கிறேன், நான் வரக்கூடாது." அலங்கம் 52 நாளில் முடிந்தது. உங்களைக் கூப்பிடுகிறவர்கள் எதிரிகள் அல்ல, பெரும்பாலும் அன்பானவர்கள். ஆகவே அன்பாகச் சொல்லுங்கள்: "இந்த மாதம் என்னால் இதற்கு நியாயம் செய்ய முடியாது." அதோடு நிறுத்துங்கள். காரணங்களை அடுக்கினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு தீர்வு சொல்லி உங்களைச் சம்மதிக்க வைத்துவிடுவார்கள்.

படி 6: ஓய்வுக்கு முந்தின நாளே தயாராகுங்கள்

"விதைப்புக் காலத்திலும் அறுப்புக் காலத்திலும் ஓய்ந்திருப்பாயாக" என்கிறது யாத்திராகமம் 34:21. வேலை நெருக்கும் பருவத்தைச் சொல்லியே கட்டளை வந்திருக்கிறது. ஞாயிறு முழுக்கச் சபைப் பொறுப்பு உள்ளவர்கள் வேறொரு அரைநாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தின மாலை, அடுத்த வேலைநாளில் முதலில் செய்யவேண்டியதை ஒரே வரியில் தாளில் எழுதி மடித்து, உங்கள் வேதாகமத்துக்குள் வைத்துவிடுங்கள். மறுநாள் காலையில் ஜெபத்துக்கு உட்காரும்போது, திறக்கவேண்டியது அந்தத் தாளை அல்ல, அது இருக்கும் பக்கத்தை.