நோட்டு சரி, ரிஃப் தப்பு: ராக் கிட்டார் பழகுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாண்டியில் ஜூன் பிறந்துவிட்டால் மொட்டை மாடிகளில் கிட்டார் சத்தம் கூடிவிடும். 21-ஆம் தேதி ஃபெத் த லா மியூசிக். பிரான்சில் 1982-இல் தொடங்கிய இசைத் திருநாள். பிரெஞ்சுத் தொடர்பு இன்னும் விட்டுப்போகாத நம் ஊரிலும் அதற்கு ஒரு மவுசு உண்டு. மேடை கிடைக்குமோ கிடைக்காதோ, ஒரு ராக் ரிஃப்பையாவது தேற்றி வைத்துவிட வேண்டும் என்று லாஸ்பேட்டைப் பையன்களும், முத்தியால்பேட்டைப் பெண்களும், கடலூரிலிருந்து பஸ் பிடித்து வகுப்புக்கு வருகிறவர்களும் ஒரே துண்டை மறுபடி மறுபடி வாசித்துக்கொண்டிருப்பார்கள்.

ரிஃப் என்பது பாட்டில் திரும்பத் திரும்ப வரும் சின்னக் கிட்டார் துண்டு. சில நொடிகளில் முடிந்துவிடும். பாட்டின் மற்ற எல்லாம் மறந்துபோனாலும் அது மட்டும் காதில் நிற்கும். அதனாலேயே அதில் கொஞ்சம் பிசகினாலும் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

பழகுகிறவர்கள் வாசிப்பதைக் கவனித்துக் கேட்டால், நோட்டில் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. எந்தக் கம்பி, எந்த ஃப்ரெட் (கழுத்தில் உலோகப் பட்டைகள் பிரிக்கும் கட்டம்) எல்லாம் சரியாகவே இருக்கும். இருந்தும் பக்கத்து அறையில் இருப்பவருக்கு அது என்ன பாட்டு என்று பிடிபடாது. வகுப்பு எடுக்கிறவன் என்ற முறையில் நான் பார்த்தவரை, தப்பு இடது கையில் இருப்பது அபூர்வம். நோட்டு எப்போது தொடங்குகிறது, எப்போது நிற்கிறது, வலது கை எந்தப் பக்கம் போகிறது, இவற்றில்தான் சறுக்குகிறார்கள்.

இதற்குப் பாதிக் காரணம் டேப். ஆறு கோடு போட்டு, அதன்மேல் ஃப்ரெட் எண்களை எழுதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறதே, அதைச் சொல்கிறேன். விரலை எங்கே வைப்பது என்று அது காட்டும். அந்த நோட்டு எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் காட்டாது. எண்களைப் பார்த்து ஒவ்வொன்றாக வாசித்தால் எல்லா நோட்டும் ஒரே நீளத்துக்கு வரும். அப்புறம் அதைத் திருத்துவது புதிதாகக் கற்பதைவிடக் கஷ்டம், ஏனென்றால் கை அந்தத் தப்பை ஏற்கெனவே மனப்பாடம் செய்துவிட்டிருக்கும். மிருதங்கம் கற்கிறவர்கள் சொற்கட்டை முதலில் வாயால் சொல்லிப் பழகிவிட்டுத்தான் தோலில் கை வைக்கிறார்கள். கிட்டாருக்கும் அதைச் செய்யுங்கள். பாட்டைப் போட்டுக் கேட்டு, ரிஃப்பை வாயால் முணுமுணுத்து, தொடையில் தாளம் தட்டி, அது பிசகாமல் வந்த பிறகு டேப்பைத் திறந்தால் போதும்.

எல்லோரும் முதலில் கற்றுக்கொள்வதும், ஏறக்குறைய எல்லோரும் தப்பாக வாசிப்பதும் ஒரே ரிஃப்தான்: டீப் பர்ப்பிள் குழுவின் ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’. 1972-இல் வந்த ‘மெஷின் ஹெட்’ ஆல்பத்தில் உள்ள பாட்டு. கிட்டார் ரிட்ச்சி பிளாக்மோர். மொத்தமே பன்னிரண்டு அடி (ஒரு தடவை மீட்டுவது ஒரு அடி), அதுவும் மெதுவான வேகம். இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் தப்பு எங்கெங்கே நுழைகிறது என்று பார்க்க இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

பலர் இதை ஒற்றைக் கம்பியில் வாசிப்பார்கள். கொஞ்சம் தேறியவர்கள் பவர் கார்டாக வாசிப்பார்கள். இரண்டும் அசல் இல்லை. அசலில் ஒவ்வொரு அடியிலும் இரண்டு நோட்டு சேர்ந்து ஒலிக்கிறது. நம் இசைக் கணக்கில் சொன்னால், பவர் கார்டு என்பது ச-ப. இங்கே இருப்பது ச-ம. மெல்லிய கம்பியிலிருந்து எண்ணி நான்காவது கம்பியையும் மூன்றாவது கம்பியையும் திறந்தபடி, அதாவது எங்கும் அழுத்தாமல், சேர்த்து மீட்டினால் அதுதான் முதல் அடி. பிறகு அதே இரண்டு கம்பிகளிலும் மூன்றாம் ஃப்ரெட், ஐந்தாம் ஃப்ரெட். இரண்டாம் சுற்றில் திறந்த கம்பி, மூன்று, ஆறு, ஐந்து. கடைசிச் சுற்றில் திறந்த கம்பி, மூன்று, ஐந்து, மறுபடி மூன்று, திறந்த கம்பி. கிட்டார் கையில் இருந்தால் ச-ப, ச-ம இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்துப் பாருங்கள். பவர் கார்டில் சத்தம் தடிமனாக இருக்கும். அந்தப் பாட்டுக்குரிய ஒரு கூர்மை காணாமல் போயிருக்கும்.

அடுத்தது பிக், கம்பியை மீட்டும் சின்னத் தகடு. பிளாக்மோர் இந்த ரிஃப்பை பிக்கால் அடிப்பதில்லை, விரல்களால் இரண்டு கம்பியையும் ஒரே சமயத்தில் சுண்டுகிறார். பிக் எவ்வளவு வேகமாகப் போனாலும் ஒரு கம்பியைத் தொட்டுவிட்டுத்தான் அடுத்ததைத் தொடும். அந்தத் துளி இடைவெளி காதுக்குத் தெரியும்.

மூன்றாவதுதான் ஆளைக் கவிழ்ப்பது: எண்ணிக்கை. ஒரு பாருக்கு (தாளத்தின் ஒரு ஆவர்த்தனத்துக்கு) நான்கு என்று காலால் தட்டிக்கொள்ளுங்கள். முதல் மூன்று அடியும் ஒன்று, இரண்டு, மூன்று என்று நேராகத் தட்டிலேயே விழும். நான்காவது அடி நான்கில் விழாது. நான்குக்கும் அடுத்த பாரின் ஒன்றுக்கும் நடுவில் விழும். அதற்கடுத்த அடி ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில். அடுத்தது இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில். பிறகுதான் மூன்றில் வந்து உட்காரும். அதாவது இரண்டாம் சுற்று அரை இடம் தள்ளி எடுப்பு. கச்சேரியில் பல்லவிக்குத் தாளம் போட்டுப் பழகிய காதுக்கு இது ஒன்றுமே இல்லை. ராக் என்றாலே தட்டில்தான் விழும் என்று நினைத்துக்கொண்டு வாசிக்கிறவர்தான் அந்த நான்காவது அடியை இழுத்து நான்கில் போடுவார். போட்டதும் ரிஃப் மொண்ணையாகிவிடும். ஏன் என்று அவருக்கே தெரியாது, ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனை இன்னும் கொஞ்சம் கூட்டிப் பார்ப்பார்.

வலது கைக்கு வருவோம். பிக் கீழே போவது டவுன்ஸ்ட்ரோக், மேலே வருவது அப்ஸ்ட்ரோக். ஒரு தடவை கீழே, மறு தடவை மேலே என்று அந்தந்த நேரத்துக்கு வந்ததைச் செய்வதுதான் பழகுகிறவர்களின் வழக்கம். வேகம் குறைவாக இருக்கும்வரை குட்டு வெளிப்படாது. வேகம் கூடும்போது கை எங்கே போவதென்று தெரியாமல் திகைத்து நிற்கும். ஒரு எண்ணிக்கையை நான்காகப் பிரித்து ‘தகதிமி’ என்று சொல்லிக்கொண்டால் வழி கிடைக்கும்: ‘த’ கீழே, ‘க’ மேலே, ‘தி’ கீழே, ‘மி’ மேலே. ‘க’வில் நோட்டு இல்லையென்றாலும் கை மேலே வர வேண்டும், கம்பியைத் தொடாமல். கொத்து பரோட்டா மாஸ்டரைப் பாருங்கள், பரோட்டா மேல் படாத தட்டிலும் அவர் கை நிற்பதில்லை.

இதற்கு விதிவிலக்கு உண்டு. மெட்டாலிகா குழுவின் ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’, 1986. நிமிடத்துக்கு 200 எண்ணிக்கைக்கு மேல் ஓடும் அந்தப் பாட்டின் ரிஃப்பை ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் பெரும்பாலும் டவுன்ஸ்ட்ரோக்கிலேயே வாசிக்கிறார். மேலும் கீழுமாக வாசித்தால் சுலபம்தான், ஆனால் அந்த முரட்டுத்தனம் வராது. முதல் ரிஃப்பாக இதை எடுத்துக்கொண்டு மணிக்கட்டை வலிக்க வைத்துக்கொள்வது வீண் வேலை. வலி வந்தால் நிறுத்துங்கள். முழங்கையிலிருந்து வெட்டாமல் மணிக்கட்டிலிருந்து சின்னதாக அசைக்கப் பழகிய பிறகு திரும்பி வரலாம்.

இனி நிறுத்தம். ஏசி டிசி குழுவின் ‘பேக் இன் பிளாக்’ 1980-இல் வந்தது. அதன் தொடக்கத்தில் கிட்டார் ஒரு கார்டை (சேர்ந்து ஒலிக்கும் பல நோட்டுகளை) அடித்துவிட்டு அமைதியாகிவிடும், பிறகு அடுத்தது. நடுவில் டிரம்ஸ் சத்தம் மட்டும்தான் கேட்கும். அந்த இடங்களில் கம்பியை ரீங்காரமிட விட்டுவிட்டால் பாட்டின் கம்பீரமே போய்விடும். நிறுத்துவதற்கு இரண்டு கையும் வேண்டும். இடது விரலை ஃப்ரெட்டிலிருந்து எடுத்துவிடக் கூடாது. எடுத்தால் திறந்த கம்பி ‘டங்’ என்று கூடவே கத்தும். அழுத்தத்தை மட்டும் தளர்த்தி விரலைக் கம்பி மேலேயே விட வேண்டும். அதே நொடியில் வலது உள்ளங்கையின் ஓரத்தைக் கம்பிகள் மேல் படுக்க வைக்க வேண்டும். ஒலியை உள்ளங்கையால் பாதி அடக்கி வாசிக்கும் பாம் மியூட்டுக்கும் இதே ஓரம்தான். ஆனால் கிட்டார் உடலில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜை ஒட்டி வைக்க வேண்டும். கொஞ்சம் முன்னால் நகர்ந்தாலும் நோட்டே கேட்காது, மரக்கட்டையில் தட்டுகிற மாதிரி இருக்கும். இதைப் பழக ஒரு வழி: ரிஃப்பை விட்டுவிட்டு நிறுத்தங்களை மட்டும் வாசியுங்கள். ஒரே கார்டு, ஒரு எண்ணிக்கை ஒலி, ஒரு எண்ணிக்கை அமைதி. சலிப்பாகத்தான் இருக்கும்.

விரல் வேகம் வேண்டிய ரிஃப் என்றால் எல்லோரும் கேட்பது கன்ஸ் என் ரோசஸ் குழுவின் ‘ஸ்வீட் சைல்ட் ஓ மைன்’. 1987, கிட்டார் ஸ்லாஷ். பாட்டோடு சேர்ந்து வாசிக்கப் பார்த்து, “கிட்டார்ல ஏதோ கோளாறு” என்று சொல்கிறவர்கள் உண்டு. கிட்டாரில் ஒன்றுமில்லை. அந்த ஆல்பத்தில் எல்லாக் கம்பிகளையும் அரை ஸ்வரம் இறக்கி ட்யூன் செய்திருக்கிறார்கள். நீங்களும் ட்யூனரைப் பார்த்து ஒவ்வொரு கம்பியையும் அரை ஸ்வரம் இறக்குங்கள். எந்தப் பாட்டானாலும் பழகத் தொடங்கும் முன் ட்யூனிங் என்னவென்று பார்த்துவிடுவது நல்லது.

அந்த ரிஃப்பில் ஒரு பாருக்கு எட்டு நோட்டு. எட்டில் ஏழு கடைசிவரை மாறவே மாறாது. முதல் நோட்டு மட்டும் இரண்டு பாருக்கு ஒரு முறை மாறும்: நான்காவது கம்பியில் பன்னிரண்டாம் ஃப்ரெட், பிறகு பதினான்கு, பிறகு மூன்றாவது கம்பியில் பன்னிரண்டு, திரும்ப நான்காவது கம்பியில் பன்னிரண்டு. ஆக, கஷ்டம் எல்லாம் ஒரு பார் முடிந்து அடுத்த பாரின் முதல் நோட்டுக்குத் தாவும் இடத்திலும், மூன்றாவது கம்பிக்கும் முதல் கம்பிக்கும் இடையே நடுக்கம்பியைத் தொடாமல் பிக் தாண்டும் இடத்திலும்தான். ஆனால் பழகுகிறவர்கள் எட்டு நோட்டையும் முதலிலிருந்து வாசித்து, தாவும் இடத்தில் தடுக்கி, மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். தொடக்கம் பிரமாதமாகிக்கொண்டே போகும், தடுக்கும் இடம் தடுக்கிக்கொண்டே இருக்கும். “அண்ணா, ஸ்பீடு வரவே மாட்டேங்குது” என்று வருகிற தம்பிகளிடம் நான் சொல்வது, “ஸ்பீடு அப்புறம் பாத்துக்கலாம்டா. கடைசி மூணு நோட்டு, அடுத்த பார்ல முதல் ரெண்டு நோட்டு, அதை மட்டும் வாசி.” பெரும்பாலும் அந்த ஐந்து நோட்டு சரியானதும் வேகம் தானாகவே வந்துவிடுகிறது.

மெதுவாகப் பழகு என்று எல்லோரும் சொல்வார்கள். எப்படி மெதுவாக என்பதுதான் விஷயம். மெதுவாக வாசிக்கும்போது விரலைக் கம்பியிலிருந்து ஒரு அங்குலம் தூக்கினாலும் நேரம் இருக்கும். வேகத்தில் அது நடக்காது. ஆகவே மெதுவான பயிற்சியிலும் வேகத்தில் செய்யப்போகும் அதே சின்ன அசைவுதான் இருக்க வேண்டும். தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-இல் வைத்துத் தொடங்கி, தொடர்ந்து பல தடவை தடுமாறாமல் வந்த பிறகு மட்டும் நான்கைந்து புள்ளி ஏற்றுங்கள். ஒரு தடவை அதிர்ஷ்டத்தில் சரியாக வந்ததைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. யூடியூபில் வேகத்தை 0.75 அல்லது 0.5 ஆக்கினால் சுருதி மாறாமல் பாட்டு மட்டும் மெதுவாகும். அசலோடு ஒட்டிப் பழக அது போதும், தனியாக ஆப் எதுவும் வேண்டாம்.

டிஸ்டார்ஷன் பற்றி ஒரு வார்த்தை. அதைக் கூட்டி வைத்தால் பலமாக அடித்ததும் மெல்ல அடித்ததும் ஒரே அளவில் கேட்கும். உங்கள் பிக் எவ்வளவு ஒழுங்கில்லாமல் போகிறது என்று தெரியாது. அதைச் சுத்தமாக அணைத்துவிட்டால், தேவையில்லாமல் அதிரும் கம்பிகளின் இரைச்சல் தெரியாது. எனவே முதலில் இல்லாமல் வாசித்து எண்ணிக்கையைச் சரிசெய்து, பிறகு போட்டு இரைச்சலைச் சரிசெய்வதுதான் முறை. பழைய வீடுகளில் எர்த் இல்லாத டூ-பின் பிளக்கில் ஆம்ப்ளிஃபையரைச் செருகிவிட்டு ‘ஹம்’ சத்தம் வருகிறது என்று பெடலைக் குறை சொல்வதும் நடக்கிறது. சத்தம் ஒரு பக்கம் இருக்கட்டும், கம்பியில் கை வைக்கும்போது ஷாக் அடிக்கும் ஆபத்து இருக்கிறது. எர்த் உள்ள பிளக் பாயிண்ட் இல்லாத அறையில் எலக்ட்ரிக் கிட்டார் வேண்டாம்.

நம் கடலோர ஊர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. உப்புக் காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். துருப்பிடித்தால் மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி விலகும். ஸ்லாஷ் வாசிக்கும் இடமெல்லாம் அங்கேதான் இருக்கிறது. பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு நேர் மேலே கம்பியை லேசாகத் தொட்டு மணிபோல வரும் ஒலியையும், அதே இடத்தில் அழுத்தி வரும் ஒலியையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் கம்பியை மாற்றுங்கள். புதுக் கம்பியிலும் ஒத்துப்போகாவிட்டால் பிரிட்ஜைச் சரிசெய்ய வேண்டும். வாசித்து முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியால் துடைத்து, கிட்டாரை உறைக்குள் வையுங்கள். தேவனாம்பட்டினம் கடற்கரையில் வாசித்துவிட்டு வந்த அன்றைக்குக் கட்டாயம். அப்புறம், கம்பியைத் தேவைக்கு மேல் அழுத்தினாலும் சுருதி ஏறிவிடும். பயத்தில் கை இறுகும் மேடையில் இது அதிகம் நடக்கும்.

அக்கூஸ்டிக் கிட்டார் மட்டும் வைத்திருப்பவர்கள் மனம் தளர வேண்டாம், ஆனால் எதை எடுப்பது என்று பார்த்து எடுங்கள். பெரும்பாலான அக்கூஸ்டிக்கில் பதினான்காம் ஃப்ரெட்டிலேயே கழுத்து உடலோடு சேர்ந்துவிடும். ஸ்லாஷ் ரிஃப்புக்காகப் பதினைந்தாம் ஃப்ரெட்டுக்கு விரல் நீட்டுவது விரலை வதைப்பதுதான். பிளாக்மோர் ரிஃப் அதில் தாராளமாக வரும்.

கடைசியாக, நிற்பது. உட்கார்ந்து தொடையில் வைத்துப் பழகிவிட்டு, மேடையில் பெல்ட்டை இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டு நின்றால் இடது மணிக்கட்டு மடங்கும் கோணமே மாறிப்போகும். உட்கார்ந்திருக்கும்போது கிட்டார் எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்துக்குப் பெல்ட்டைச் சுருக்கிக்கொண்டு, நிகழ்ச்சிக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே நின்றபடி வாசியுங்கள். பார்க்க ஸ்டைலாக இல்லை என்று நண்பர்கள் சொல்வார்கள், சொல்லட்டும்.