டெட்லைன் தவறியபின் டீமில் ஒருவரிடம் பேசுவது எப்படி?

வேலை தாமதமானது தெரிந்ததும் டீம் லீட் செய்யும் முதல் தவறு, கையோடு கேட்டுவிடுவது. குரூப் சாட்டில் எல்லோரும் பார்க்க "இன்னும் ஏன் முடியலை?" என்று போட்டால், தாமதித்தவருக்கு வேலை பின்னால் போய் மானம் முன்னால் வந்துவிடும். அடுத்த சிக்கலைக் கடைசி நாள்வரை மூடி வைப்பார். பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்களும்தான்.

முதலில் உங்களைக் கவனியுங்கள். தாடை இறுகுகிறதா, டைப்பிங் வேகம் கூடுகிறதா? மெசேஜை எழுதுங்கள், அனுப்பாதீர்கள். இருபது நிமிடமாவது போகட்டும். அதற்குள், உள்ளே இருப்பது கோபமா, மேலதிகாரிக்கு என்ன பதில் சொல்வது என்ற பயமா என்று ஒரே சொல்லில் சொல்லிப் பாருங்கள். பல நேரம் பயம்தான் கோப வேஷத்தில் வரும். உணர்ச்சி ததும்பும் முகப்படங்களைப் பார்த்து அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொன்னவர்களின் மூளையில், பயம் போன்ற உணர்ச்சிகளோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற பகுதியின் செயல்பாடு குறைந்ததை அமெரிக்க உளவியலாளர் மேத்யூ லீபர்மன் குழு 2007இல் ஸ்கேன் மூலம் காட்டியது.

பிறகு தனியாகக் கூப்பிடுங்கள். "கொஞ்சம் பேசணும்" என்று மட்டும் அனுப்பினால் அவர் நூறு கற்பனை செய்வார். "ரிப்போர்ட் பற்றி இன்று 4 மணிக்கு அரை மணி நேரம் பேசலாமா?" என்று விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.

நடந்ததை மட்டும் சொல்லித் தொடங்குங்கள்: "வெள்ளிக்கிழமை வரவேண்டிய ரிப்போர்ட் திங்கள் மதியம் வந்தது. மீட்டிங்கில் பழைய எண்களைக் காட்ட வேண்டியதாயிற்று." "எப்பவுமே", "அக்கறையே இல்லை" இரண்டும் வேண்டாம். அடுத்து, "எங்கே சிக்கியது?" என்று கேளுங்கள். "ஏன்" என்று கேட்டால் காரணம் வராது, தற்காப்புதான் வரும்.

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். இதுதான் ஆகக் கஷ்டம். ஐந்தாறு விநாடி மௌனத்தைத் தாங்கமுடியாமல் பதிலையும் லீடே எடுத்துக்கொடுத்துவிடுவார். முதலில் வரும் "வேலை அதிகம்" பெரும்பாலும் மேல்பூச்சு. "அதில் எது அதிக நேரம் எடுத்தது?" என்று கேட்டால் உள்விஷயம் வரும். கேட்டதைத் திருப்பிச் சொல்லிச் சரிபாருங்கள்: "டேட்டா புதன்கிழமைதான் வந்தது, மறுபடி கேட்கத் தயங்கினீர்கள், சரியா?" "உங்க நிலைமை புரியுது, ஆனா..." என்பதில் அவர் காதில் விழுவது "ஆனா" மட்டுமே.

அழுதாலோ குரல் உயர்ந்தாலோ அறிவுரை வேண்டாம். "பத்து நிமிடம் கழித்துத் தொடரலாமா, இப்போதே பேசலாமா?" என்று அவரையே முடிவெடுக்கவிடுங்கள். ஆனால் பேச்சை அப்படியே கைவிடாதீர்கள். இரக்கப்பட்டு அவர் வேலையைத் தன் தலையில் போட்டுக்கொள்ளும் லீட்கள் ஏராளம். சில மாதங்களில் லீடின் எரிச்சல் அந்த ஊழியர் மேலேயே திரும்பும்.

எழுந்துபோகும்முன் மூன்று விஷயம் முடிவாகவேண்டும்: புதிய தேதி, பாதிவழியில் ஒருமுறை பார்க்கும் நாள், டேட்டா வராவிட்டால் எத்தனை மணி நேரத்தில் உங்களிடம் சொல்வது. அதை அவரே எழுதி அனுப்பட்டும். யார் எதைப் புரிந்துகொண்டார்கள் என்பது அப்போது தெரியும். பின்னர் அவரே முன்கூட்டி "தள்ளிப்போகும்போல இருக்கு" என்று வந்தால், காலண்டரைத் திறக்கும்முன் "இப்பவே சொன்னது நல்லதாப் போச்சு" என்று சொல்லுங்கள்.