வாசல் விளக்குக்கு டைமர்
ஊருக்குப் போனால் வாசல் விளக்கைப் போட ஆளில்லை என்று முதலில் வாங்கியது தட்டு சுற்றும் மெக்கானிக்கல் டைமர். விலை குறைவுதான், ஆனால் கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும், 2 மணி நேரம் கட் என்றால் அன்றைக்கு விளக்கும் 2 மணி நேரம் லேட். சரி என்று உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமருக்கு மாறினேன். நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) வேண்டாத இரண்டு வயர் மாடலாச்சே என்று ஆசைப்பட்டு வாங்கினால், அணைத்த பிறகும் எல்இடி பல்பு மினுக் மினுக்கென்று கண் சிமிட்டுகிறது, டைமர் தனக்கு வேண்டிய மின்சாரத்தைப் பல்பு வழியாகவே இழுப்பதால். அதையும் மாற்றி, எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டு, மெயினை அணைத்து, சுவிட்ச் பாக்ஸுக்கு நியூட்ரல் இழுத்தோம். இப்போது தொல்லை இல்லை. நவம்பரில் மட்டும் நேரத்தை முன்னே தள்ள வேண்டும், சென்னையில் அப்போது 5.40 வாக்கிலேயே பொழுது சாய்ந்துவிடும்.