செக் எழுதப் போகிறீர்களா? முதலில் உங்கள் பேனாவை எடுங்கள்

ஜிபேயும் போன்பேயும் வந்த பிறகு செக் எழுதுவது அபூர்வமாகிவிட்டது. வீட்டு அட்வான்ஸ், அபார்ட்மென்ட் மெயின்டனன்ஸ், கடன் வாங்கும் இடத்தில் கேட்கும் செக் என்று வருஷத்துக்கு நாலைந்து தாள் போனால் அதிகம். பழக்கம் விட்டுப்போனதால்தான் பலருக்கு எங்கே கோடு போடுவது, எங்கே இடம் விடக் கூடாது என்பதெல்லாம் மறந்துபோயிருக்கிறது. இளைஞர்களில் பலருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததே இல்லை.

ஒன்றை முதலில் புரிந்துகொள்ளுங்கள். செக் தாளைத் திருடி உங்கள் கையெழுத்தை ஒருவன் போலியாகப் போட்டுப் பணம் எடுத்தால், அது உங்கள் உத்தரவே அல்ல. நஷ்டம் வங்கியுடையது என்று உச்ச நீதிமன்றம் 1987இல், கனரா வங்கி வழக்கு ஒன்றில், சொல்லியிருக்கிறது. ஆனால் கையெழுத்து உங்களுடையதாகவே இருந்து, தொகையையோ பெயரையோ மட்டும் திருத்தியிருந்தால் கதை வேறு. திருத்தியது கண்ணுக்குத் தெரியாதபடி இருந்து, வங்கியும் முறைப்படி பணம் கொடுத்திருந்தால், மாற்று முறை ஆவணச் சட்டத்தின் 89ஆம் பிரிவு வங்கிக்குப் பாதுகாப்பு தருகிறது. ஆகவே பீரோவில் பூட்டி வைத்த செக் புத்தகத்தைவிட, நீங்களே கையெழுத்துப் போட்டு வெளியே அனுப்பும் தாளுக்குத்தான் அதிகக் கவனம் வேண்டும்.

1. பேனா

என் சித்தப்பா தனிநபர் கடனுக்கு விண்ணப்பித்தபோது, வீட்டுக்கு வந்த ஏஜென்ட் பவ்யமாகத் தன் பேனாவையே நீட்டினார். கணக்கு விவரத்துக்காக ஒரு செக்கில் 'கேன்சல்டு' (ரத்து) என்று எழுதச் சொல்லி, கையெழுத்தும் கேட்டார். சித்தப்பா கையெழுத்துக்கு மட்டும் தன் சட்டைப்பையில் இருந்த பேனாவை எடுத்தார், பழக்க தோஷம். இரண்டு நாளில் அந்தத் தாள் 'கேன்சல்டு' இல்லாமல், வேறொரு பெயரோடு வங்கிக்குப் போய்விட்டது. சூடு பட்டால் மறையும் மை அது. லைட்டரைக் கொஞ்ச நேரம் காட்டினால் போதும்.

எனவே முழுச் செக்கையும் உங்கள் பேனாவில், நீங்களே எழுதுங்கள். சாதாரண பால்பாயின்ட் மையை ரசாயனத்தால் கழுவிவிட முடியும். தாளுக்குள் ஊறும் அடர்த்தியான கறுப்பு அல்லது நீல ஜெல் பேனா அதைவிடத் தேவலை. இன்று கிளியரிங்குக்கு, அதாவது வங்கிகள் தங்களுக்குள் செக்கை அனுப்பிப் பணம் தீர்க்கும் இடத்துக்கு, போவது தாள் அல்ல, அதன் ஸ்கேன் படம். வெளிர் மை அதில் சரியாக விழாது.

2. பெயரும் தொகையும்

பெறுபவர் பெயரைக் கோட்டின் இடது ஓரத்தை ஒட்டித் தொடங்குங்கள். முழுப் பெயர் வேண்டும். வெறும் 'குமார்' என்று விட்டால், அது 'குமாரசாமி' ஆக எத்தனை நேரம்? பெயருக்குப் பின் மிஞ்சும் இடத்தில் ஒரு கோடு இழுத்துவிடுங்கள்.

தொகையில்தான் ஆட்டமே. எழுத்தில் 'நாலாயிரம்' என்று நடுவில் எழுதி, முன்னால் ஒரு விரல்கிடை இடம் விட்டால் அது 'ஒரு லட்சத்து நாலாயிரம்' ஆகும். எண்ணில் 4,000க்கு முன்னால் ஒரு 1, ஒரு 0 சேர்த்தால் முடிந்தது வேலை. ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கும் இதே கதிதான்: 'செவன்' பக்கத்தில் இடம் இருந்தால் அது 'செவன்டி' ஆகிவிடும். எண்ணை ரூபாய்க் குறியோடு ஒட்டி எழுதுங்கள். முடிவில் சாய்கோடும் சின்னக் கோடும். எழுத்தில் 'மட்டும்' என்று முடித்து, மிச்ச இடத்தில் கோடு. எண்ணும் எழுத்தும் வேறுபட்டால் சட்டப்படி எழுத்தில் இருப்பதுதான் தொகை என்பதால், எழுத்தில் இன்னும் கவனம்.

3. இரண்டு கோடு

இடது மேல் மூலையில் இரண்டு சாய்ந்த இணைகோடுகள், நடுவில் 'ஏ/சி பேயி' என்று எழுதுங்கள். 'அல்லது கொணர்பவர்' என்று அச்சிட்டிருப்பதை அடித்துவிடுங்கள். இப்போது கவுன்டரில் நீட்டிப் பணமாக வாங்க முடியாது. பெயருக்கு உரியவர் கணக்கில்தான் ஏறும்.

4. தேதி, கையெழுத்து

தேதியிலிருந்து மூன்று மாதம்தான் செக் செல்லும். தேதியைத் தவிர வேறு எதிலும் அடித்தல் திருத்தல் இருந்தால் கிளியரிங்கில் ஏற்க மாட்டார்கள். பிழை வந்தால் கிழித்துவிட்டு வேறு தாள் எடுங்கள். கையெழுத்து எப்போதும் கடைசியில். எதுவும் நிரப்பாத செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். மனமறிந்து ஒரு பணத்துக்காக அப்படிக் கொடுத்தால், மற்றதை இன்னொருவர் நிரப்பினாலும் செக் செல்லும் என்பதுதான் 2019இல் உச்ச நீதிமன்றம் எடுத்த நிலை.

5. கேன்சல்டு செக்

இதற்குக் கையெழுத்தே தேவையில்லை. குறுக்கே இரண்டு கோடு, நடுவில் பெரிதாக 'கேன்சல்டு', ஓரத்தில் எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்று சின்னதாக ஒரு வரி. பாஸ்புக் முதல் பக்க நகல் போதுமா என்று கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் போதும். கையெழுத்திட்ட செக்கைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். கணக்கு எண், செக் எண், கையெழுத்து மூன்றும் ஒரே படத்தில் கிடைத்தால் நகல் செக் அச்சடிப்பவனுக்கு வேறென்ன வேண்டும்?

6. பாசிட்டிவ் பே

பலரும் கண்டுகொள்ளாத வசதி இது. 50,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள செக்குகளுக்காக 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. செக் கொடுத்த கையோடு வங்கியின் ஆப்பிலோ, நெட் பேங்கிங்கிலோ, கிளையிலோ செக் எண், தேதி, பெயர், தொகை எல்லாவற்றையும் பதிந்துவிட வேண்டும். செக் வரும்போது இவை ஒத்துப்போகாவிட்டால் சிக்கிவிடும். 5 லட்சமும் அதற்கு மேலும் என்றால் வங்கி இதைக் கட்டாயமாக்கலாம். நீங்கள் எதற்கும் 50,000க்கே பதிந்துவிடுங்கள், ஐந்து நிமிஷ வேலை.

முன்பு செக் போட்டால் பணம் போக ஒன்றிரண்டு நாள் ஆகும், அதற்குள் நிறுத்திவிடலாம் என்ற தைரியம் இருந்தது. 2025 அக்டோபர் 4 முதல் அது போய்விட்டது. வேலை நேரத்தில் வங்கியில் சேரும் செக்குகள் உடனுக்குடன் போகின்றன. உங்கள் வங்கி அன்று மாலை 7 மணிக்குள் பதில் சொல்லாவிட்டால் ஒப்புக்கொண்டதாகவே கணக்கு. அதனால் எஸ்எம்எஸ் வரும் எண் பழைய சிம்மாக இருந்தால் இன்றே மாற்றுங்கள். தாள் தொலைந்தது தெரிந்த நிமிஷமே ஆப்பில் 'ஸ்டாப் பேமென்ட்' கொடுங்கள். அப்புறம் கிளைக்குப் போய்க்கொள்ளலாம்.

7. பணம் போய்விட்டால்

அன்றே வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். கிளை மேலாளர் 'பார்த்துக்கொள்கிறேன் சார்' என்று வாய்ப்பேச்சில் முடித்தால் கிளம்பாதீர்கள். காவல் நிலையத்திலும் புகார் தேவை. 30 நாளில் வங்கி பதில் தராவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம், கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448.

புகாரோடு செக்கின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டின் படத்தையும் கேட்டு வாங்குங்கள். பலர் முன்பக்கத்தோடு நின்றுவிடுகிறார்கள். எந்தக் கணக்கில் போட்டார்கள், எந்த வங்கி அனுப்பியது என்பதற்கான தடயம் பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் இருக்கும்.