இன்வெர்ட்டர் ஏசி போர்டின் பாதுகாப்புப் பூச்சை நீக்கும் முறை

இன்வெர்ட்டர் ஏசியின் வெளிப்புற யூனிட்டிலிருந்து சர்க்யூட் போர்டைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், உதிரிபாகங்களின் மேல் வார்னிஷ் பூசியதுபோல ஒரு பளபளப்பு தெரியும். ஈரம், தூசி, எறும்பு, பல்லி எச்சம், கடலோர ஊர்களில் உப்புக்காற்று ஆகியவை செம்புத் தடங்களை அரிக்காமல் இருப்பதற்காகத் தொழிற்சாலையிலேயே பூசப்படும் இந்த மெல்லிய படலத்தைத்தான் கன்ஃபார்மல் கோட்டிங் என்கிறோம். போர்டைக் காக்கும் இந்தப் பூச்சே பழுதுபார்ப்பவரின் கையைக் கட்டிப்போடவும் செய்கிறது. மல்டிமீட்டரின் முனை உலோகத்தைத் தொடாததால் நல்ல பாகமும் பழுதானதுபோலக் காட்டும். சால்டர் உருகினாலும் பாகத்தின் உலோகக் காலில் பிடிக்காது. சால்டரிங் அயர்ன் முனையில் கருகல் சேர்ந்துகொண்டே போகும்.

அதற்காகப் போர்டு முழுவதையும் உரித்துவிட வேண்டியதில்லை. வோல்டேஜோ ரெசிஸ்டன்ஸோ அளப்பது மட்டுமே வேலை என்றால், ஊசிபோல் கூரிய முனையுள்ள ப்ரோப் பூச்சைத் துளைத்து உள்ளே போய்விடும். அளந்து முடித்தபின் அந்தத் துளையில் ஒரு சொட்டுப் பூச்சை வைத்து அடைத்துவிட்டால் போதும். ஒரு ஐசியை மாற்ற வேண்டுமானால் அதைச் சுற்றி ஐந்து மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு சன்னல் திறந்தால் போதுமானது. நீக்கும் பரப்பு கூடக் கூட, கரைப்பான் போகக்கூடாத இடத்துக்குப் போகும் வாய்ப்பும், பிறகு பூச வேண்டிய பரப்பும் சேர்ந்தே கூடுகின்றன.

வேலையைத் தொடங்குமுன் பெரிய கெப்பாசிட்டர்களைக் கவனிக்க வேண்டும். 230 வோல்ட் ஏசி மின்சாரம் பிரிட்ஜ் ரெக்டிஃபையர் வழியாக வந்தபின் ஏறத்தாழ 325 வோல்ட் டிசியாக அங்கே தேங்கி நிற்கிறது. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அது உடனே வடிந்துவிடுவதில்லை. சில நிமிடங்கள் காத்திருந்து, மீட்டரில் அளந்து, மிச்சம் இருந்தால் ஒரு 100 வாட் குண்டு பல்பின் வழியாக வடித்து, மறுபடியும் அளந்து பார்க்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைத்து வடிக்கும் பழக்கம் கெப்பாசிட்டருக்கும் நல்லதல்ல, கண்ணுக்கும் நல்லதல்ல. இந்த அளவீட்டிலும் பூச்சு ஏமாற்றக்கூடும் என்பதால், முனை உலோகத்தைத் தொட்டிருக்கிறது என்பதை உறுதி செய்துகொண்ட பிறகே மீட்டர் காட்டும் சுழியத்தை நம்ப வேண்டும்.

அடுத்ததுதான் இந்த வேலையின் உயிர்நாடி: மேலே இருப்பது எந்தப் பூச்சு என்று கண்டறிவது. அக்ரிலிக், பாலியூரிதேன், சிலிகோன், எபாக்ஸி, பேரிலீன் என்று ஐந்து குடும்பங்கள் உண்டு. ஒன்றைக் கரைப்பது மற்றொன்றைத் தொடக்கூட முடியாது. பூச்சு போகவில்லை என்று மேலும் மேலும் வலிமையான கரைப்பானைத் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் படியைத் தாண்டிக் குதித்தவர்களே.

முதலில் அறையை இருட்டாக்கி, புற ஊதா விளக்கைப் போர்டின் மேல் பிடிக்க வேண்டும். கடைகளில் ரூபாய் நோட்டைச் சோதிக்கும் விளக்கே போதும்; டார்ச் வாங்குவதானால் 365 நானோமீட்டர் என்று குறிப்பிட்டிருப்பதை வாங்குவது நல்லது, ஏனெனில் மலிவான 395 நானோமீட்டர் டார்ச்சின் ஊதா வெளிச்சம் பூச்சின் ஒளிர்வை மறைத்துவிடும். பூச்சைப் பரிசோதிப்பதற்கு வசதியாக உற்பத்தியாளர்கள் அதில் ஒளிரும் பொருளைக் கலப்பது வழக்கம் என்பதால், பூசிய இடங்கள் நீலமாக மின்னும். பூச்சின் எல்லையும் அது எங்கே தடித்திருக்கிறது என்பதும் தெளிவாகத் தெரியும். ஒளிராத பூச்சும் உண்டு. ஆகவே எதுவும் மின்னவில்லை என்பதை வைத்துப் பூச்சே இல்லை என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது.

பிறகு, தடமோ பாகமோ இல்லாத ஒரு மூலையில் மூங்கில் பல்குச்சியால் அழுத்திப் பார்க்க வேண்டும். ரப்பர்போல உள்வாங்கி மீண்டால் அது சிலிகோனாக இருக்க வாய்ப்பு அதிகம். கடினமாக இருந்தால், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியை அதே இடத்தில் ஓரிரு நிமிடம் வைத்து எடுத்து, விரல் நுனியால் தொட்டுப் பார்க்கலாம். பிசுபிசுவென்று ஒட்டினால் அக்ரிலிக். ஆல்கஹாலுக்கு அசையாமல் அசிட்டோனுக்கு மட்டும் மெல்ல உப்பி நெகிழ்ந்தால் பெரும்பாலும் பாலியூரிதேன். இரண்டுக்கும் மசியாமல், சுரண்டினால் சில்லுச் சில்லாகத் தெறித்தால் எபாக்ஸி. பாகங்களின் அடிப்பக்கம் வரை எங்கும் ஒரே சீராகப் படிந்து, செலோபேன் தாள்போல மெல்லிய தோலாகக் கிழிந்து வருவது பேரிலீன். வெற்றிட அறையில் ஆவியாகப் படியவைக்கப்படும் இந்தப் பூச்சு, விலை காரணமாக வீட்டுச் சாதனங்களில் அநேகமாகத் தென்படாது.

அக்ரிலிக்காக இருந்தால் வேலை எளிது. கரைப்பான் போர்டில் படுமுன், ஸ்டிக்கர்களையும் ஐசிகளின் மேல் உள்ள எண்களையும் படமெடுத்துக்கொள்ள வேண்டும். துடைத்த பிறகு அந்த எழுத்துகள் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மூடப்படாத ரிலே, ட்ரிம்மர், சுவிட்ச், பஸ்ஸர், கனெக்டரின் உட்புறம், எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ரப்பர் அடி ஆகிய இடங்களில் கரைந்த பூச்சு ஒருமுறை புகுந்துவிட்டால் வெளியே எடுக்க முடியாது என்பதால், அவற்றைச் சூடு தாங்கும் கேப்டன் (Kapton) டேப்பால் மூடிவிட வேண்டும். மணிக்கட்டில் எர்த் பட்டை கட்டியிருப்பது அவசியம். உலர்ந்த துணியால் தேய்ப்பதே ஐசிகளைக் கெடுக்கும் நிலைமின்சாரத்தை உண்டாக்கக் கூடியது.

இதற்கு 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்தான் தேவை. மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீதச் சரக்கில் தண்ணீர் இருக்கிறது. கை கழுவும் சானிடைசரில் கிளிசரினும் சேர்ந்திருப்பதால் அது போர்டில் ஒரு பிசுக்கை விட்டுச் செல்லும். நீக்க வேண்டிய இடத்தின் அளவுக்கு ஒரு காஸ் துணியை வெட்டி, சொட்டாத அளவுக்கு நனைத்து, அந்த இடத்தில் மட்டும் வைத்து, ஆல்கஹால் ஆவியாகிவிடாமல் மேலே அலுமினியத் தாளால் மூடி, ஐந்து முதல் பத்து நிமிடம் விட்டுவிட வேண்டும். துணியை எடுத்தபின், முடியைக் குட்டையாக வெட்டிய மென்மையான பிரஷ்ஷால் ஐசியின் கால்கள் நீளும் திசையிலேயே தேய்க்கலாம். குறுக்கே தேய்த்தால் பிரஷ் முடி சிக்கி மெல்லிய கால்கள் வளையக்கூடும்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். கரைப்பான் பூச்சை அழிப்பதில்லை. இளக்கித் திரவமாக்கி இடம்பெயரச் செய்கிறது, அவ்வளவே. அந்தத் திரவம் உலருமுன் புதிய துணியில் ஒற்றி எடுக்காவிட்டால், ஆல்கஹால் பறந்துபோய், பூச்சு முன்பு இருந்ததைவிட மோசமாக, கால்களின் இடுக்கில் படிந்து நிற்கும். ஆகவே நனைப்பது, தேய்ப்பது, ஒற்றுவது என்று சிறுசிறு சுற்றுகளாகச் செய்து, ஒவ்வொரு சுற்றிலும் துணியின் சுத்தமான பக்கத்தைப் பயன்படுத்தி, இறுதியில் பாட்டிலிலிருந்து எடுத்த புதிய ஆல்கஹாலால் ஒருமுறை அலசி முடிக்க வேண்டும். பயன்படுத்திய துணியைப் பாட்டிலுக்குள் திரும்ப முக்குவது பாட்டில் முழுவதையும் கெடுக்கும் செயல்.

அசிட்டோன் இதே வேலையை வேகமாகச் செய்யும். அந்த வேகத்துக்கு ஆசைப்பட்டு ஒருமுறை ஒரு டிஸ்ப்ளே போர்டின் ஓரத்தில் அதைப் பயன்படுத்தினேன். பூச்சு போவதற்குமுன் டிஸ்ப்ளேயின் பிளாஸ்டிக் முகப்பு பால்போல வெளுத்துவிட்டது, அது திரும்பவே இல்லை. பாலிகார்பனேட், ஏபிஎஸ், பாலிஸ்டைரீன் போன்ற பிளாஸ்டிக்குகள் அசிட்டோனைத் தாங்காது. வழக்கமான நைட்ரில் கையுறையும் அசிட்டோனுக்கு ஈடுகொடுக்காது. பியூட்டைல் ரப்பர் கையுறைதான் தாங்கும். நகப்பூச்சு நீக்கியில் எண்ணெயும் வாசனையும் கலந்திருப்பதால் அது ஆகாது. பெயின்ட் கடைத் தின்னரில் என்னென்ன கலந்திருக்கிறது என்பது டப்பாவுக்கு டப்பா மாறும். மெத்திலீன் குளோரைடு கலந்த பெயின்ட் ரிமூவரோ எல்லாப் பூச்சையும் கிளப்பிவிடும், கூடவே போர்டின் மேல் உள்ள பச்சை நிறக் காப்புப் படலத்தையும் (சால்டர் மாஸ்க்) தின்னும். அதன் ஆவி உயிருக்கே ஆபத்தானது என்பதால் 2024-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதன் பெரும்பாலான பயன்பாடுகளைத் தடை செய்தது.

எந்தக் கரைப்பானானாலும் சன்னலைத் திறந்துவைத்து, சால்டரிங் அயர்னையும் சூடான காற்றை ஊதும் ஹாட் ஏர் கருவியையும் அணைத்து ஆறவிட்ட பிறகே மூடியைத் திறக்க வேண்டும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஏறத்தாழ 12 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும் ஆவியை வெளிவிடத் தொடங்குகிறது. நம் ஊர் வெயிலில் அது எந்நேரமும் தயாராகத்தான் இருக்கிறது. ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் மேசையிலிருந்து வழிந்து தரையோடு பரவும்.

சிலிகோனைக் கரைக்க முயல்வதைவிட உரிப்பது நல்லது. ஹைட்ரோகார்பன் கரைப்பான்களில் அது உப்புமே தவிரக் கரையாது. முழுமையாகச் சிதைக்க அதற்கென்றே தயாரித்த நீக்கி வேண்டும். பிளாஸ்டிக் தகட்டால் எல்லையைக் கீறி, ஒரு முனையைக் கிளப்பி, தோலை உரிப்பதுபோல மெல்ல இழுத்தால் பட்டையாக வந்துவிடும். கால்களிடையே தங்கியதைப் பல்குச்சியால் உருட்டி எடுக்கலாம். ஒரு துணுக்கும் மிஞ்சக் கூடாது, ஏனெனில் சிலிகோன் எச்சத்தின் மேல் அக்ரிலிக் ஒட்டாமல் திட்டுத் திட்டாக விலகிவிடும்.

பாலியூரிதேன் பொறுமையைச் சோதிப்பது. அதற்கான நீக்கி கிடைக்காதபோது, ஹாட் ஏரைக் குறைந்த சூட்டில் வைத்து, பூச்சு இளகியதும் மரக்குச்சியால் தள்ளி எடுப்பதே நடைமுறையில் கைகொடுக்கிறது. சில பூச்சுகளில் அயர்னை நேரடியாக வைத்து எரித்துக்கொண்டே சால்டர் செய்ய முடியும் என்பது உண்மைதான். ஆனால் பாலியூரிதேன் கருகும்போது ஐசோசயனேட் ஆவி வருகிறது, அது ஆஸ்துமாவை உண்டாக்கக் கூடியது, ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு சிறு அளவும் தாங்காது. புகையை வெளியே இழுத்துத் தள்ளும் விசிறி இல்லாமல் அந்த வழியில் இறங்கக் கூடாது. வாஷிங் மெஷின் போர்டுகளில் தட்டு நிறைய ஊற்றப்பட்டிருக்கும் மென்மையான வார்ப்புக்கும் இதே இளக்கல் முறை உதவும். தேவையான இடத்தில் மட்டும் கிணறு தோண்டுவதுபோலக் குடைந்து இறங்க வேண்டும்.

எபாக்ஸியையும் பேரிலீனையும் கரைப்பானால் எடுக்க நினைக்கவே வேண்டாம். எபாக்ஸியைக் கரைக்கும் அளவு வலிமையான எதுவும், எபாக்ஸியாலேயே ஆன போர்டையும் விட்டுவைக்காது. தொழிற்கூடங்களில் சோடியம் பைகார்பனேட் போன்ற நுண்பொடியைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சித் தேய்த்து எடுக்கிறார்கள், அதிலும் உராய்வில் எழும் நிலைமின்சாரத்தை ஈடுசெய்ய அயனியாக்கி வைக்கிறார்கள். வீட்டு மேசையில் மாற்றுப் போர்டு தேடுவதே சிக்கனம்.

நீக்கி முடித்ததும் மறுபடியும் புற ஊதா விளக்கைப் பிடித்துப் பார்த்தால், மிஞ்சியவை நீலப் புள்ளிகளாகக் காட்டிக்கொடுக்கும். பாகத்தை மாற்றிச் சால்டர் செய்தபின், சால்டர் நன்றாகப் பிடிப்பதற்காகச் சேர்த்த ஃபிளக்ஸை நன்றாகக் கழுவ வேண்டும். உலர்ந்தபின் வெள்ளைப் படலம் தெரிந்தால் ஃபிளக்ஸ் பாதிதான் கரைந்திருக்கிறது என்று பொருள், புதிய ஆல்கஹாலால் திரும்பவும் அலச வேண்டும். ஈரம் முழுவதும் போனபின், பழைய பூச்சின் விளிம்பில் சற்று ஏறும்படி, அதே குடும்பத்தைச் சேர்ந்த பூச்சைப் பிரஷ்ஷால் மெல்லியதாக இருமுறை பூசலாம். அக்ரிலிக்குக்கு 30 முதல் 130 மைக்ரான் தடிமன் போதும். தடித்துப் பூசினால் உள்ளே குமிழ்கள் சிக்கிக்கொள்ளும். தொட்டால் ஒட்டாத நிலை சில நிமிடங்களில் வந்துவிட்டாலும், ஒரு நாள் முழுவதும் உலரவிட்டு, விளக்கில் துளைகள் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே கேப்டன் டேப்பை உரித்துப் போர்டை யூனிட்டில் பொருத்த வேண்டும்.