கிரியோன் எத்தனை பேர்? சோபோக்ளிஸை வாசிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பண்டைக் கிரேக்க நாடகாசிரியர் சோபோக்ளிஸ், தீப்ஸ் நகர அரச குடும்பத்தை வைத்து எழுதிய மூன்று நாடகங்களும் பெரும்பாலும் ஒரே அட்டைக்குள் கிடைக்கின்றன. மூன்றிலும் வருகிறார் ஈடிபஸ் மன்னனின் மைத்துனர் கிரியோன். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ‘ஈடிபஸ் மன்னன்’, ‘கொலோனஸில் ஈடிபஸ்’, ‘ஆன்டிகனி’ எனக் கதை வரிசையில் படித்துவிட்டு, கிரியோன் முதலில் நிதானமானவர், பிறகு வஞ்சகர், முடிவில் கொடுங்கோலர் என்று ஒரு சரிவை நாமே வரைந்துகொள்கிறோம்.

எழுதிய வரிசை வேறு. ‘ஆன்டிகனி’தான் முதலில், கி.மு. 441 வாக்கில் வந்தது. ‘ஈடிபஸ் மன்னன்’ பல ஆண்டுகள் பிந்தியது. ‘கொலோனஸில் ஈடிபஸ்’ ஆசிரியர் இறந்தபின், கி.மு. 401இல் மேடையேறியது. இவை ஒரே தொடர்கதையாக எழுதப்பட்ட முத்தொடர் நாடகங்கள் அல்ல. சான்று வேண்டுமா? தந்தை ஈடிபஸின் உடலைத் தன் கையாலேயே கழுவி அலங்கரித்ததாக ஆன்டிகனி தன் நாடகத்தில் சொல்கிறாள். கொலோனஸிலோ ஈடிபஸின் முடிவைப் பார்த்தது ஏதென்ஸ் மன்னன் தீசியஸ் மட்டும். மகள்களுக்குச் சமாதி இருக்கும் இடம்கூடத் தெரியாது. கதையையே ஒட்டவைக்காத ஆசிரியர், கிரியோனின் குணத்தை மட்டும் கட்டிக்காத்திருப்பார் என்று எதிர்பார்ப்பானேன்?

அரிஸ்டாட்டிலைத் துணைக்கு அழைப்பது அடுத்த தவறு. ‘கவிதையியல்’ 15ஆம் அத்தியாயத்தில் பாத்திரம் முன்பின் முரணாமல் இருக்க வேண்டும் என்கிறார், உண்மைதான். ஆனால் அவர் காட்டும் பிழை ஒரே நாடகத்துக்குள் நடப்பது: இன்னொரு நாடகாசிரியரான யூரிபிடிஸின் நாடகத்தில், ஆலிஸ் என்ற ஊரில் உயிருக்குக் கெஞ்சிய இஃபிஜெனியா, பிறகு தானே பலிக்குத் துணிவது. நாடகம் விட்டு நாடகம் தாவி அளக்க அந்தக் கோல் உதவாது.

மிக அதிகமாக அநியாயத்துக்கு ஆளாவது ‘ஈடிபஸ் மன்னன்’ கிரியோன்தான். அரியணைக்காகச் சதி செய்கிறார் என்று ஈடிபஸ் அவர்மேல் குற்றம் சாட்டுகிறார். “அரசனுக்குரிய மதிப்பு அச்சமில்லாமல் கிடைக்கும்போது அரியணை எனக்கெதற்கு?” என்று அவர் வாதிடுவதைப் பலர் நடிப்பு என்கிறார்கள். காரணம், ‘ஆன்டிகனி’யை அவர்கள் முன்பே படித்துவிட்டது. இந்த நாடகத்துக்குள் அவர் சொல்லைப் பொய்யாக்கும் செயல் ஒன்றுமில்லை. அதிகாரம் கைக்கு வந்த பிறகும், தெய்வ வாக்கைக் கேட்காமல் ஈடிபஸை நாடுகடத்த மறுக்கிறார். சொல்லப்போனால், ஆன்டிகனியில் காவலாளியையும் குறிசொல்லி டைரேசியஸையும் காசு வாங்கியவர்கள் என்று சந்தேகிக்கும் கிரியோன், இங்கே அதே வகைச் சந்தேகத்துக்குத் தானே இரையாகிறார்.

ஆகவே ஒவ்வொரு நாடகத்துக்கும் தனித்தாள் போட்டு மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். அதிகாரம் யாரிடம்? கிரியோன் யார் முன்னால் நிற்கிறார்? அவர் சொன்னதை அதே நாடகத்தின் செயல் மறுக்கிறதா? ஆன்டிகனியில் அவர் அப்போதுதான் ஆட்சி ஏற்றவர். ஊரைவிட உற்றாரைப் பெரிதென எண்ணுபவனை மதியேன் என்கிறார். ஊர்மேல் படையெடுத்து இறந்த ஆன்டிகனியின் சகோதரனைப் புதைக்கத் தடை போடுகிறார்; அதை மீறிய அவளைக் குகையில் அடைக்கிறார். மனம் மாறிய பிறகு, ‘முதலில் பெண்ணை விடுவி, பிறகு பிணத்துக்குக் கல்லறை எழுப்பு’ என்று ஊர் முதியோர் சொல்கிறார்கள். அவரோ பிணத்தை அடக்கிவிட்டுத்தான் குகைக்குப் போகிறார். அதற்குள் அவள் தூக்கில் தொங்கிவிட்டாள். பாத்திரத்தை இத்தகைய நுணுக்கத்தில் தேட வேண்டும்.

யூரிபிடிஸை இதோடு கலக்கவே வேண்டாம். அவருடைய ‘ஃபீனிசியப் பெண்கள்’ நாடகத்தில் கிரியோன் ஊரைக் காக்க மகனைப் பலிகொடுக்க மறுத்து, அவனைத் தப்பி ஓடச் சொல்கிறார். ‘மெடியா’வில் வரும் கிரியோனோ வேறு ஆள், கொரிந்தின் அரசர். அந்தப் பெயருக்குக் கிரேக்கத்தில் ‘ஆள்பவன்’ என்றே பொருள்.